ரசிகர் புனைவு: நூலக மேசையில் அடிக்கடி விழும் கேள்விகள்

மாதம் ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரின் வட்டார நூலகம் ஒன்றில் இளையர்களோடு உட்கார்ந்து கதை எழுதுகிறோம். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கொண்டுவருவது சொந்தக் கதை அல்ல. வேறொருவர் உருவாக்கிய பாத்திரங்களை வைத்து எழுதிய கதை. பிள்ளையைக் கூட்டிப்போக வந்து வெளியே காத்திருக்கும் பெற்றோர், எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஆசிரியர்கள், பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

ஃபேன்ஃபிக், ஃபேன்ஃபிக்னு சொல்றாளே, அப்படின்னா என்ன?

ஒரு கதையை ரசித்தவர், அதில் வரும் ஆட்களையோ உலகத்தையோ எடுத்துக்கொண்டு, காசு எதிர்பார்க்காமல் தானே எழுதும் இன்னொரு கதை. ‘ரசிகர் புனைவு’ என்று தமிழில் எழுதுகிறோம். பேச்சில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

‘பொன்னியின் செல்வன்’ முடிவில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். அவள் பிழைத்திருந்தால்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்திருந்தால்? அதை நீங்கள் எழுதினால் ரசிகர் புனைவு. கல்கியின் பத்திகளை அப்படியே எடுத்து உங்கள் பெயரைப் போட்டால் திருட்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பிள்ளைகள் பேசுவது புரிய மூன்று சொல் போதும். மூலக் கதையில் நடந்தது ‘கேனன்’. இரண்டு பேரை மனசுக்குள் ஜோடி சேர்ப்பது ‘ஷிப்’. அதே ஆட்களை வேறு காலத்திலோ ஊரிலோ கொண்டுபோய் வைப்பது ‘ஏயு’. உங்கள் மகள் “நான் ஷிப் பண்றேன்” என்றால் துறைமுகத்தில் வேலை தேடுகிறாள் என்று பொருள் இல்லை.

இது இணையம் வந்தபிறகு வந்த பழக்கம்தானே?

இல்லை. ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 1967லேயே ‘ஸ்பாக்கனேலியா’ என்ற பெயரில் தாங்களே அச்சடித்த இதழில் கதைகள் வெளியிட்டார்கள். இத்தகைய கதைகளுக்கென்றே உள்ள ஃபேன்ஃபிக்ஷன்.நெட் தளம் 1998ல் வந்தது. இன்று பிள்ளைகள் அதிகம் சொல்லும் ஏஓ3 (ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்) தளம் 2009ல் திறந்தது. ரசிகர்களே நடத்தும் லாப நோக்கமற்ற தளம் அது. 2019ல் அறிவியல் புனைவுலகின் பெரிய விருதான ஹியூகோவையும் வாங்கியது.

நம் பக்கமும் இந்த ஆசைக்கு வயது குறைவில்லை. 1950ல் தொடங்கி 1954 வரை பத்திரிகையில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்ததா, இவர் என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்குக் கல்கி முடிவுரையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். அந்த வகையில் இந்தக் கேள்வி பதில் பக்கத்துக்கு அவர்தான் முன்னோடி! அந்தப் பதில்களோடும் விஷயம் நிற்கவில்லை. பின்னாளில் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று அந்தக் கதையைத் தொடர்ந்து எழுதினார். அது அச்சுப் புத்தகம், இவர் பெயர்பெற்ற எழுத்தாளர் என்பதால் யாரும் அதை ஃபேன்ஃபிக் என்று சொல்வதில்லை. ஆனால் எழுதத் தூண்டிய அரிப்பு ஒன்றேதான் என்று நினைக்கிறேன்.

அப்போ கம்பரே ஃபேன்ஃபிக் எழுதினவர்தானே அக்கா?

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர்கள் குறும்புச் சிரிப்போடு கேட்பது. பாதி சரி. வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிப் போகிறான். கம்பருக்கு அது பொறுக்கவில்லை, பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்து எடுக்க வைத்தார். மிதிலையில் வில் முறியும் முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் கம்பர் சேர்த்தது. ரசிகர் புனைவு எழுதுகிறவர்கள் செய்வதும் இதைத்தான்: பொறுக்காததை மாற்றுவது, காதலர்களைக் கொஞ்சம் முன்னாலேயே சந்திக்க வைப்பது.

ஆனால் இந்த ஒப்பீட்டைச் சொல்லித் தப்பிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இராமகதை ஊருக்கே பொதுவாக இருந்தது. “என் சீதையை ஏன் தொட்டாய்” என்று கேட்க அங்கே உயிரோடு ஒருவரும் இல்லை. ரசிகர் புனைவில் சிக்கலே அப்படி ஒருவர் இருப்பதுதான். அதைப் பிறகு பேசலாம்.

ஏன்தான் எழுதுறாங்க? நேரம் போகலையா?

நேரம் எங்கே இருக்கிறது, பாவம். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு எல்லாம் முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் தட்டுகிறார்கள்.

முதல் காரணம் பிரிய மனமில்லாமை. ஐந்து பாகம் கூடவே இருந்தவர்களைக் கடைசிப் பக்கத்தோடு வழியனுப்ப முடிவதில்லை. அடுத்தது, கதையில் இரண்டு வரி மட்டும் வந்துபோனவர்கள் மேல் வரும் பாசம். கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட காவலனுக்கு வீடு இருக்காதா, அன்றைக்கு அவன் சாப்பிட்டானா என்று ஒரு பையன் ஆறு பக்கம் எழுதிவந்தான். அவன் மூலக் கதையை எவ்வளவு உன்னிப்பாகப் படித்திருக்கிறான் என்பது அந்த ஆறு பக்கத்தில் தெரிந்தது. கருத்தறிதல் கேள்விக்குப் பதில் எழுதும் அதே பையன்தான், அங்கே இரண்டு வரியைத் தாண்டமாட்டான்.

நான் அதிகம் யோசித்த காரணம் வேறு. இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கும் கதைகளில் கவிதா என்றோ செந்தில் என்றோ பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. தமிழில் படித்தால் கவிதா இருக்கிறாள், ஆனால் அவள் தஞ்சாவூரிலோ சென்னையிலோ இருக்கிறாள். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத பழைய அடுக்குமாடி புளோக்கில் அவள் வாழ்ந்ததில்லை. ஆகவே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வந்தியத்தேவனைத் தூக்கிக்கொண்டு வந்து புளோக் கீழ்த்தளத்தில் உட்காரவைக்கிறார்கள். குதிரைக்குப் பதில் வாடகை சைக்கிள். குந்தவை தொடக்கக் கல்லூரி மாணவர் தலைவி. படித்தால் சிரிப்பு வருகிறது. அதே சமயம், தங்களுக்கு இடம் போடப்படாத பந்தியில் தாங்களே இலை போட்டு உட்காருகிறார்கள் என்றும் தோன்றுகிறது.

எழுதுறது சரி. மற்றவங்க எழுதினதை ஏன் விழுந்து விழுந்து படிக்கிறாங்க?

ஆட்களைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை, நேரே கதைக்குள் இறங்கலாம். கதையின் தலையிலேயே குறிச்சொற்கள் இருக்கும்: யார் யார், சோகமா, கடைசியில் சேர்ந்துவிடுவார்களா. தேர்வு வாரத்தில் களைத்துப்போன பிள்ளைக்கு, முடிவு நன்றாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்த கதை ரசஞ்சோறு மாதிரி.

சொந்தமா எழுத வராதவங்க செய்ற வேலை மாதிரியில்ல இருக்கு?

ஆசிரியர் ஒருவர் கேட்டது. நானும் பள்ளியில் இதே வார்த்தையை வாங்கியவள். அப்போது வாரத் தொடர் ஒன்றைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த இதழ் கப்பலில் வந்து சேரத் தாமதமானதால், அடுத்த அத்தியாயத்தை நானே கோடு போட்ட நோட்டில் எழுதிவிட்டேன். வகுப்பில் பிடிபட்டு, “காப்பியடிக்கிறாய்” என்று திட்டு வாங்கினேன். எதைப் பார்த்துக் காப்பியடிப்பது? அந்த அத்தியாயம்தான் இன்னும் கடைக்கே வரவில்லையே.

பாத்திரமும் களமும் தயாராகக் கிடைப்பதால், உரையாடலை எப்படி நகர்த்துவது, எங்கே காட்சியை வெட்டுவது, வாசகரை எப்படிக் காக்கவைப்பது என்பதில் முழுக் கவனத்தையும் வைத்துப் பழகலாம். இரண்டு அத்தியாயம் போட்டதும் “அடுத்தது எப்போ?” என்று கேட்க ஆளும் இருக்கிறது. அந்த ஒரு கேள்வி எழுத வைப்பது போல என் எந்தப் பயிற்சித் தாளும் எழுத வைத்ததில்லை.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தியை முதல் பக்கத்திலேயே வாசகர் நெஞ்சில் உட்காரவைக்கும் வித்தையை ரசிகர் புனைவு கற்றுத்தராது. அங்கே பாசம் கடனாக வந்தது. இன்னொன்று, எழுதுகிறவர் தன்னையே அழகும் அறிவும் நிரம்பியவளாகக் கதைக்குள் நுழைத்துவிடுவது. இதற்கு ‘மேரி சூ’ என்று பெயர், ஸ்டார் டிரெக் ரசிகர் இதழில் 1973ல் வந்த கேலிக்கதை ஒன்றிலிருந்து பிறந்த சொல். என் நோட்டில் கதாநாயகனுக்குப் புதிதாக ஓர் அத்தை மகள் முளைத்தாள். அவள் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் என் பெயர் வரும். அதற்குமேல் சொல்லமாட்டேன்.

தமிழ்ல ஏன் இவ்வளவு கம்மி?

இங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் தட்டுவது எளிது என்பது ஒன்று. ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்த பிள்ளையை உண்மையில் நிறுத்துவது விசைப்பலகை அல்ல. ‘இவன் எந்தத் தமிழில் பேசுவான்?’ என்ற கேள்விதான். வீட்டில் ‘வந்துட்டேன்’. கட்டுரையில் ‘வந்துவிட்டேன்’. சோழ இளவரசி என்றால் ‘வந்துவிட்டோம்’ என்பாளோ? கொரியத் தொடரில் வரும் ஆள் தமிழில் பேசினால் எந்த ஊர்ப் பேச்சு பேசுவான்? ஆங்கிலத்தில் எழுதும்போது இவர்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இருப்பதில்லை.

எனக்குப் பிடித்த தீர்வு ஒரு பெண் கண்டுபிடித்தது. பழுவேட்டரையர் எழுத்துத் தமிழில் பேசுகிறார். வந்தியத்தேவன் வெளியே எழுத்துத் தமிழ், மனசுக்குள் நம் லிட்டில் இந்தியாவின் தேக்காப் பேச்சுத் தமிழ். ‘தங்கள் சித்தம் ஐயா’ என்று வணங்கிவிட்டு, உள்ளுக்குள் ‘இந்த அங்கிளோட முடியலடா சாமி’ என்கிறான். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் எங்கே பிரிகின்றன என்று நான் பலகையில் எழுதி விளக்கியதைவிட அந்தப் பக்கம் நன்றாக விளக்கியது.

ஓ லெவல் தேர்வுக் கட்டுரையில இப்படி எழுதலாமா?

வேண்டாம். தாள் திருத்துபவர் உங்கள் ஷிப்புக்காரராக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மகள் ராத்திரி ஒரு மணிவரைக்கும் இதைத்தான் படிக்கிறா. கண்டதையும் எழுதுறாங்கன்னு கேள்விப்பட்டேன். விடலாமா?

கண்டதும் இருக்கிறது, உண்மை. பெரியவர்களுக்கு மட்டுமான கதைகள் நிறையவே உண்டு. ஏஓ3 போன்ற தளத்தில் கதைக்குக் கதை தரக்குறி இருக்கும்: எல்லாருக்கும், பதின்ம வயதினருக்கு, முதிர்ந்தவர்களுக்கு, வெளிப்படையானது என்று. சில கதைகளில் எழுதியவர் எதையும் குறிப்பிடாமல் விட்டிருப்பார். அந்தக் குறிகளைப் பார்க்க நீங்கள் பழகிக்கொண்டால் பாதிக் கவலை குறையும்.

கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு தடவை, “உனக்குப் பிடிச்ச ஒரு கதையைக் காட்டேன்” என்று கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். காட்டினால் முழுதும் படியுங்கள், பாதியில் சிரிக்காதீர்கள். ராத்திரி ஒரு மணி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

எழுத்தாளர்களுக்குக் கோபம் வராதா?

சிலருக்கு வரும். நிறையவே வரும். இரத்தக் காட்டேரி நாவல்கள் எழுதிய ஆன் ரைஸ் 2000ஆம் ஆண்டில் தன் பாத்திரங்களை வைத்து யாரும் எழுதக்கூடாது என்று பகிரங்கமாகச் சொன்னார், ஃபேன்ஃபிக்ஷன்.நெட் அவர் தொடர்பான கதைகளை எடுத்துவிட்டது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்கும் இது பிடிக்காது. பாத்திரங்கள் அவருக்குப் பிள்ளைகள் மாதிரி. ‘ஹாரி பாட்டர்’ எழுதிய ஜே. கே. ரோலிங் தரப்பு 2004ல் சொன்னது வேறு: மகிழ்ச்சிதான், ஆனால் விற்கக்கூடாது, ஆபாசம் கூடாது. நவோமி நோவிக் இன்னும் ஒரு படி மேலே. புகழ்பெற்ற நாவலாசிரியர், தானே ரசிகர் புனைவு எழுதுபவர், ஏஓ3ஐ நடத்தும் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

பழைய ஆட்களைப் பார்த்தாலும் இதே இரண்டு பக்கம்தான். ஷெர்லாக் ஹோம்ஸை நாடகமாக்கிய நடிகர் வில்லியம் ஜில்லெட், ஹோம்ஸுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று தந்தியில் கேட்டார். கல்யாணம் செய்துவையுங்கள், கொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று ஹோம்ஸை உருவாக்கிய கோனன் டாயில் பதில் அனுப்பினார். செர்வாண்டிஸ் அப்படி இல்லை. 1605ல் வந்த ‘டான் குயிக்சோட்’டுக்கு 1614ல் வேறொருவர் புனைபெயரில் இரண்டாம் பாகம் வெளியிட்டார். மறுவருடம் செர்வாண்டிஸ் தன் சொந்த இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து, அதற்குள்ளேயே அந்தப் போலியை நையாண்டி செய்தார். கோபத்தை இதைவிட உபயோகமாகச் செலவழித்தவரை நான் அறியேன்.

முடிவை மாத்த வாசகனுக்கு என்ன உரிமை இருக்கு? எழுதினவர் யோசிச்சுத்தானே எழுதியிருப்பார்?

யோசித்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் எழுதியவரே ஒரு முடிவோடு நின்றுவிடுவதில்லை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் காரில் ஏறி ஏமாந்து வீடு திரும்பும் பெண்ணை, தாய் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்று ஏற்றுக்கொள்கிறாள். பெரிய சர்ச்சை. பிறகு ஜெயகாந்தனே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அந்த நாவலுக்குத்தான் 1972ல் சாகித்திய அகாதெமி விருது. முதலில் வேறு முடிவோடு கதை எழுதிய எழுத்தாளர் ஒருவரும் நாவலுக்குள்ளேயே பாத்திரமாக வருகிறார்.

பிள்ளைகள் பாஷையில் சொன்னால், தன் கதைக்குத் தானே எழுதிக்கொண்ட ஏயு. இதிலிருந்து வாசகருக்கு உரிமை வந்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். முடிவு என்பது கல்வெட்டு அல்ல என்று மட்டும் தெரிகிறது.

நீங்களும் கதை எழுதுறீங்களே. உங்க கதையை யாராவது இப்படிச் செய்தா?

செய்தார்கள். என் சிறுகதை ஒன்றில், கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் மனைவி, ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுவாள். கதவு சாத்தும் சத்தத்தோடு கதை முடியும். சந்திப்புக்கு வரும் மாணவி ஒருத்தி அதன் தொடர்ச்சியை எழுதி என்னிடமே நீட்டினாள்.

இத்தனை பக்கம் தாராள மனசோடு பதில் சொல்லும் நான், அன்றைக்கு வயிற்றைப் பிசைவது போல உணர்ந்தேன். ‘இவளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாதே’ என்பதுதான் முதலில் வந்த எண்ணம். அடுத்து செய்தது இன்னும் கேவலம்: சிவப்புப் பேனாவை எடுத்து லகர ளகரப் பிழைகளைச் சுழித்தேன். நான்காம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. மனைவி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கிறாள், ஜொகூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக. அப்போது ரைஸ் குக்கரைச் சூட்டிலேயே விட்டுவந்தது ஞாபகம் வருகிறது. அவர் சாப்பிடும்வரை சோறு ஆறாது. வேண்டுமென்றேதான் விட்டுவந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வரி எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் எங்கே போனாள் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்குக் கணவர்தான் கதை. வலித்தது பாத்திரத்தை எடுத்துக்கொண்டதால் என்று முதலில் நினைத்தேன். என்னைவிட ஒருத்தி அவளைக் கவனித்துவிட்டாள் என்பதுதான் வலி. எல்லா எழுத்தாளருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. மோசமாக எழுதப்பட்ட தொடர்ச்சி வேறு மாதிரி வலிக்கும், அதுவும் நியாயமான வலிதான்.

சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்லுது? பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா?

நான் வழக்கறிஞர் அல்ல, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இங்கே எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுவரை காப்புரிமை உண்டு (இந்தியாவில் 60). 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ‘நியாயமான பயன்பாடு’ என்று ஒன்றை அனுமதிக்கிறது. எதற்காகப் பயன்படுத்தினீர்கள், மூலப்படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், மூலப்படைப்பின் சந்தையை அது பாதிக்குமா என்றெல்லாம் பார்ப்பார்கள். ரசிகர் புனைவு முழுவதும் சரி என்றோ தவறு என்றோ ஒரு வரி அதில் இல்லை. எழுதியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்பதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே மூல ஆசிரியர் பெயரை மேலேயே போட்டுவிடுங்கள்.

கல்கியின் படைப்புகள் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாகிவிட்டன, ஆகவே சோழர் கதையில் கைவைக்கப் பெரிய பயம் வேண்டாம். 2022லும் 2023லும் வந்த திரைப்படங்களின் வசனமும் காட்சிகளும் வேறு. அவை படத்தை எடுத்தவர்களுடையவை.

காசு வாங்கிட்டா?

அங்கேதான் கதை மாறுகிறது. ரோலிங் தரப்பும் முதலில் போட்ட கோடு அதுதான், மேலே சொன்னேன். பெரியவர்களுக்கான ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ முதலில் ‘ட்வைலைட்’ நாவல்களின் ரசிகர் புனைவாக இருந்து, பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றி நாவலானது, கோடிக்கணக்கில் விற்றது. நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும், விவரம் கேட்காதீர்கள். மாற்றியபிறகு மூலக்கதை இல்லாமலே உங்கள் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அது இன்னும் ரசிகர் புனைவுதான்.

நடிகரை வச்சு, கொரியாவோட கேபாப் பாடகரை வச்சு எழுதுறாங்களே, அதுவும் இதுதானா?

பெயர் அளவில் இதுதான். எனக்கு மட்டும் இது ஒப்பவில்லை. வந்தியத்தேவனுக்குக் காலையில் எழுந்து தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் அவஸ்தை இல்லை. உயிரோடிருக்கும் பாடகருக்கு உண்டு. என் மேசையில் ஒரு விதி: உண்மையான ஆட்கள் என்றால் படுக்கையறை கிடையாது, செய்தி போல எழுதுவதும் கிடையாது. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. திரும்பி வந்தவர்களும் உண்டு.

ஏஐகிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல எழுதித் தந்துடுமே?

தரும். கோட்டைக் காவலன் அன்றைக்குச் சாப்பிட்டானா என்று கவலைப்பட்ட பையனுக்கு அது என்ன தரும் என்று தெரியவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது கதை மட்டும் இல்லை, அந்தக் கவலையோடு இரண்டு வாரம் இருப்பதும்தான்.

எழுதி முடிச்சுட்டேன். மூல எழுத்தாளருக்கே அனுப்பி வைக்கலாமா?

ஆசையாக இருக்கும். அனுப்பாதீர்கள். மேரியன் சிம்மர் பிராட்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் ரசிகர்களை எழுத ஊக்குவித்தவர், அவர்கள் கதைகளைப் படித்தவர். 1990களின் தொடக்கத்தில் ஒரு ரசிகையின் கதையும் அவர் எழுதவிருந்த நாவலும் ஒரே விஷயத்தைத் தொட்டதில் தகராறு வந்து, அந்த நாவல் வெளிவரவே இல்லை. என்ன நடந்தது என்று இரு தரப்பும் வேறு வேறாகச் சொன்னார்கள். அதைப் பார்த்துப் பல எழுத்தாளர்கள் ரசிகர் புனைவைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். அன்பு இல்லாததால் அல்ல, நாளைக்கு ‘என் யோசனையை எடுத்துவிட்டார்’ என்று பேச்சு வரக்கூடாதே என்றுதான்.

அந்த எழுத்தாளர் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பொதுவில் போடவும் வேண்டாம். நோட்டில் எழுதுங்கள், தோழிக்குக் காட்டுங்கள். யாரும் நோட்டைத் திறந்து பார்க்கப்போவதில்லை. உள்ளூர் எழுத்தாளர், நூலகத்தில் நேரில் பார்க்கக்கூடியவர் என்றால், நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் கேட்டால் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்பேன். சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன்.